சிபியுவுக்குள் கிடந்த குடும்ப அட்டை

பஷீர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அணைத்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக் பேசாமல் இருந்தால் செலவு கூடப்போகிறது என்று அர்த்தம். 

"சேச்சி, இங்கே வந்து நோக்குங்க" என்றார்.

சுவர்ப் பக்கமாக எட்டிப் பார்த்தேன். என் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள், ஒயர்களுக்கு நடுவே, எலி கூடு கட்டியிருந்தது. நான்கு குஞ்சுகள், கண் திறக்காமல், ரோஸ் நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. வெளியே ஆடி மாதத்துச் சாரல். எங்கள் மலையூரான நடுவட்டத்தில் அந்த மழைக்கு மனுஷருக்கே சூடான இடம் கிடைப்பதில்லை. எலி கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்து முதலில் சிரித்துவிட்டேன்.

பஷீர் ஒரு அட்டைத் துண்டால் குஞ்சுகளைக் கூட்டோடு அள்ளி மேஜைமேல் வைத்தார். கூடு முழுக்க நறுக்கிய காகிதம். பழுப்பேறிய, தடித்த காகிதம். நான் கடையில் உபயோகிப்பது வெள்ளைத் தாள். இது எங்கிருந்து வந்தது என்று ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் முத்திரையின் ஊதா மை. இன்னொன்றை எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் பாதி. ஒரு பெண்ணின் கன்னம், மூக்குத்தி, காதோரம் கொஞ்சம் முடி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூக்குத்தியை எனக்குத் தெரியும். மூன்று மாதமாக அந்த முகத்துக்கு நேராக நின்று, "நான் கொடுத்துட்டேன்க்கா, நீங்கதான் தொலைச்சிருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஓட்டைப் பெட்டியும் என் சிக்கனமும்

என் கடையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நடுவட்டம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் உரக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு அறை. 'மல்லிகா ஜாப் டைப்பிங்'. முதலில் தட்டச்சு மெஷின் வைத்திருந்தேன். பிறகு, மூடிப்போன ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கினேன். வாங்கிய நாளில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் தேயிலைத் தூள் கொட்டியது.

அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஒரு மனுவைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் போய் டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் மெதுவாகத் திறக்கும். வருடம் ஆக ஆக ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோய், புதிதாக எதைச் சேமித்தாலும் இடமில்லை என்று காட்டும். உள்ளே இருந்த விசிறி முனகிக்கொண்டே சுற்றும். சூடேறினால் பாதி மனுவில் அணைந்துவிடும்.

விசிறி மாற்றக் கையில் காசு இல்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். கழற்றினேன். வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது என்று திறந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. எங்கள் ஊர் மழையில் யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் நனைந்துதான் வரும். பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாலும் ஈரம் ஏறிவிடும். நான் அதை வாங்கி சிபியு பெட்டியின் தலையில் விரித்து வைப்பேன். பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். சனங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். "டைப்பு மல்லிகா கடைக்குப் போனா காயவச்சுத் தருவா" என்று தோட்டத்து லயம் வீடுகளில் பேசிக்கொள்வார்களாம்.

எங்களுக்குக் காகிதம் என்றால்

காகிதத்தை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறாளே என்று தோன்றலாம். நாங்கள் காகிதத்தால் இந்தப் பக்கம் வந்தவர்கள்.

சிலோனிலிருந்து நான் கப்பலில் வந்தபோது சின்னப் பெண். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காகிதம் வந்தது. நாங்கள் இந்தியாக்காரர்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். அதுவரை எனக்கு அது தெரியாது. எதிர் வீட்டுச் சரோஜாவுக்குக் காகிதம் வரவில்லை, அதனால் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். அவளிடம் வாங்கிய ரப்பர் பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன் அப்பா காகிதங்களை மெழுகுத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டார். கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்தோம், அவர் மட்டும் வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குமட்டல் இல்லை என்று நினைத்தேன். குனிந்தால் கட்டு அவிழ்ந்துவிடும் என்ற பயம் என்று பிற்பாடு அம்மா சொன்னார்.

அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். நடுவில் எங்களை இன்னார் என்று சொன்னது சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த குடும்ப அட்டை ஒன்றுதான்; இது ரேஷன் கார்டு இல்லை. தோட்ட வேலை, கடன், வீடு, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, எதற்குப் போனாலும் அட்டையைக் காட்டு என்பார்கள். அதனால் அட்டைக்கு விலையும் வந்தது. சிலர் புரோக்கரிடம் விற்றார்கள் என்ற பேச்சு உண்டு. எங்கள் ஆட்களிடையே ஒருவரை வைவதற்கு அதைவிடப் பெரிய வசை கிடையாது. "அட்டையை வித்தவ" என்று சொல்லிவிட்டால் அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

அந்தப் பேரைத்தான் பாக்கியம் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அந்த மழை நாள்

பாக்கியம் அக்கா அரசுத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் ப்ளஸ் டூ முடித்து நர்சிங் சேர விண்ணப்பித்திருந்தாள். சாதிச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். தாலுகா ஆபீசுக்கு மனு எழுத அக்கா என்னிடம் வந்தார்.

மே மாதத்துக் கோடை மழை அன்றைக்கு வெளுத்து வாங்கியது. ஜாக்கெட்டுக்குள் இருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். அட்டை ஓரமெல்லாம் ஊறியிருந்தது. வழக்கம்போல சிபியு தலையில் வைத்துவிட்டு, பார்த்துப் பார்த்து டைப் அடித்தேன். முடித்துச் சேமிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பிரிண்ட் எடுக்க முடியவில்லை. நாளைக்கு வாங்கக்கா, அட்டையும் காயட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பிரிண்ட் எடுத்து மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்மேல் இருந்த நம்பிக்கையில் கவரைப் பிரித்தும் பார்க்கவில்லை. தாலுகா ஆபீசில் போய்ப் பிரித்தபோது மனு இருந்தது, அட்டை இல்லை.

அவர் ஓடி வந்து கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருடமாகக் கடை நடத்துகிறேன், ஒருவர் காகிதமாவது தொலைந்ததுண்டா? மேஜை டிராயரை ஒப்புக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, கவருக்குள் வைத்துத்தான் கொடுத்தேன் என்று அடித்துச் சொன்னேன். வைத்ததாக எனக்கு உண்மையிலேயே நினைவு இருந்தது. தினமும் செய்கிற காரியம் அன்றைக்கும் செய்ததாகத்தானே தோன்றும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த அட்டையில் அக்காவின் கொழுந்தன் தங்கராசுவின் பெயரும் உண்டு. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அண்ணி அட்டையை விற்றுவிட்டாள் என்று லயம் முழுக்கச் சொன்னது அவர்தான். டைப்பு மல்லிகா பொய் சொல்ல மாட்டாளே என்பதுதான் அவருக்குச் சாட்சி. அட்டை இல்லாத மனு எதற்கு என்று அதையும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார். நர்சிங் சேர்க்கை முடிந்தது. மகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

இவ்வளவும் நடந்த பிறகுதான், சீட்டு விழுந்து, புதுக் கம்ப்யூட்டருக்கு எட்டாமல், ராம் ஒன்றும் செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் விசிறி ஒன்றும் போடலாம் என்று கூடலூரிலிருந்து பஷீரை வரச் சொன்னேன். பழைய டிஸ்க்கை அவரே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. டிபன் பையில் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, டார்ச்சை அடித்தார்.

இரண்டாவது அடி

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.  பஷீருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் குஞ்சுகளைக் கொண்டுபோய் வெளியே தேயிலைச் செடிக்கடியில் விட்டுவிட்டு வந்தார். காகிதத் துணுக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சேச்சி, இது நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒண்ணும் கண்டில்ல. அடுப்புல இட்டா தீர்ந்துபோயி" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கடை போய்விடுமே என்று சொன்னார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், அவர் சொன்னபடி செய்துவிட்டதாகவே மனசுக்குள் நடத்திப் பார்த்தேன். பிறகு அந்தப் பாதிப் படம் கண்ணில் பட்டது. படத்தில் அக்கா கல்யாணமாகி வந்த புதுப்பெண்.

திடீரென்று எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அட்டை போனால் என்ன, அட்டை எண், வந்த தேதி, முகாம் பதிவு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து டைப் அடித்தேனே? எண் தெரிந்தால் நகல் அட்டைக்கு எழுதிப் போடலாம். அந்த மனு பழைய டிஸ்க்கில்தான் இருக்கும். அதைக் கழற்றாதீர்கள் என்று கத்தினேன்.

பஷீர் பழைய டிஸ்க்கோடு பெட்டியை உயிர்ப்பிக்கப் பார்த்தார். டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கழற்றினார், துடைத்தார், வேறு ஒயரைச் செருகினார். மறுபடியும் டிக் டிக். மூன்றாவது தடவை திரை வெளுத்தது. 'மனு' என்று பெயரிட்ட கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு டீ போடப் போகாமல் அங்கேயே நின்றேன்.

திறந்தது. 'பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள்'. எல்லாம் சரியாக இருந்தது. பெயர் மட்டும் யாரோ ராமையா.

அப்போதுதான் என் மூளைக்கு உறைத்தது. டிஸ்க்கில் இடமில்லை என்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரே மனுவைத்தான் வைத்திருந்தேன். அடுத்தவர் வந்தால் அதையே திறந்து, பெயரையும் எண்ணையும் மாற்றி, அதன் மேலேயே சேமிப்பேன். பாக்கியம் அக்கா மேல் ராமையா, அதற்கு முன் இருந்தவர் மேல் பாக்கியம் அக்கா. இத்தனை வருடம் இத்தனை பேர் கதையை எழுதி, ஒன்றுகூட என்னிடம் இல்லை. எலி தின்றது ஒரு அட்டையைத்தான். மீதியை அழித்தது என் சிக்கனம்.

பஷீர் புது ராமையும் டிஸ்க்கையும் விசிறியையும் மாட்டினார். பக்கவாட்டுத் தகட்டைத் தேடி எடுத்து நான்கு திருகாணியும் முடுக்கினார். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் நிமிஷத்தில் உயிர் பெற்றது. ஆசை ஆசையாக எதிர்பார்த்த அந்த வேகத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"எங்கிட்ட சொல்லி என்னா?"

நான்கு மணிக்கு மேல், கொழுந்தை எடை போட்டுவிட்டு அக்கா வீடு திரும்பியிருக்கும் நேரத்தில் லயத்துக்குப் போனேன். துணுக்குகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அக்கா அப்போதுதான் காலில் அட்டைப்பூச்சி கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிபியு தலையில் வைத்தது, பின்னால் விழுந்தது, எலி, கூடு, கம்ப்யூட்டரிலும் அழிந்துபோனது. அழுதேன். அவர் கவரை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் துழாவி, அந்தப் பாதிப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வைவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லி என்னா? நான் விக்கலேன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லு. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்து சொல்லு" என்றார்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் பதியக் கூடுவது. சிலோனில் இருந்து எங்களோடு கப்பலேறி வந்த வார்த்தை. யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்பதிலிருந்து, யார் வீட்டில் யார் இறந்தார் என்பதுவரை அங்கேதான் சொல்வார்கள். பெரட்டில் சொன்னால் தோட்டத்துக்கே சொன்ன மாதிரி.

அப்பா இருந்தவரை நானும் பெரட்டு நடக்கும் கொட்டகைக்கு அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனவள்தான். மறுநாள் ஏழு மணிக்கு முன்னால் போய் நின்றேன். மூடுபனியில் கம்பளியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி ஐம்பது அறுபது பேர். சூப்பர்வைசரிடம் கேட்டேன், பேசிக்கோம்மா என்று பேர் பதியும் செக்ரோலை மூடி வைத்தார்.

"பாக்கியம் அக்கா அட்டையை விக்கல. நான்தான் தொலைச்சேன். தொலைச்சுட்டு, அவங்ககிட்ட கொடுத்தேன்னு பொய் சொன்னேன். என் கம்ப்யூட்டருக்குள்ள எலி கடிச்சுக் கிடந்துச்சு. மூணு மாசமா நீங்க அவங்களப் பேசுனதெல்லாம் என்னையப் பேசியிருக்கணும்."

தெரியாமல் நேர்ந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

 தங்கராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணியிடம் மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மருந்தடிக்கும் டப்பாவைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு தன் வரிசையில் போய் நின்றார். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவருக்கு வெற்றிலை நீட்டியதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

பிறகு

அன்று மாலையே சனங்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். யாரும் திட்டவில்லை. "அந்த பாஸ்புக்கு உங்ககிட்ட இருக்குதில்ல தங்கச்சி, ஒரு வேலையா இருக்குது" என்பது மாதிரி ஏதாவது ஒரு காரணம் சொல்லி, மனுவுக்காகக் கொடுத்து வைத்திருந்ததைத் திருப்பி வாங்கிப் போனார்கள். இரண்டு நாளில் என் டிராயர் காலி. அந்த மரியாதை என்னை இன்னும் குத்தியது.

மூன்றாம் நாள் பாக்கியம் அக்கா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நகல் அட்டைக்கு மனு எழுது என்றார். எண் இல்லாமல் எப்படியக்கா என்று இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஏழு இலக்கத்தையும் மடமடவென்று சொன்னார்.  எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"கப்பல்ல வந்து எறங்குனதும் மண்டபம் முகாம்ல அரிசிக்கு நம்பரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. நாலு மாசம் நின்னேன். மறக்குமா?" என்றார்.

இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லோரும் அட்டை எங்கே என்றுதான் கேட்டார்கள், நம்பரை யார் கேட்டார்கள் என்றார். நானும் கேட்கவில்லைதான்.

நகல் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மகள் திருப்பூரிலிருந்து வந்து நர்சிங் சேர்ந்தாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. தங்கராசுவின் பிள்ளைகளும் அந்த நகலை வைத்துத்தான் சான்று வாங்கினார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல, அந்த மூன்றாம் நாளைப் பற்றி.

மனுவுக்கு விலாசம் வேண்டியிருந்தது. ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். வாங்கக் கை நீட்டினேன். ஒரு முனை என் கைக்கு வந்தது. மறு முனையை அவர் விடவில்லை.

 அவர் விரலுக்கு அடியில் கதவு எண் மறைந்திருந்தது. விரலைக் கொஞ்சம் நகர்த்திக்கோங்க என்று கேட்டு, அவர் நகர்த்திக் காட்டக் காட்ட ஒரு கையால் டைப் அடித்து முடித்தேன்.